ஐம்பதுக்கு அடுத்த வரி
தார் பாலைவனத்தின் ஒரு வார வானிலையை எப்படிப் படிப்பது?

மே மாதக் கடைசியில் மேற்கு ராஜஸ்தானுக்கு வெளியாகும் ஏழு நாள் வானிலை முன்னறிவிப்பைப் படித்தால், ஒரே வாக்கியத்தை ஏழு முறை நகலெடுத்து ஒட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். வானம் தெளிவாக இருக்கும். வறண்ட வானிலை நிலவும். அதிகபட்ச வெப்பநிலை 46, அடுத்த நாள் 47, மறுபடியும் 47. மழைக்கான கட்டம் ஏழு நாளும் காலி. வங்கக் கடலில் ஒரு சுழற்சி உருவானாலே அது எந்தப் பக்கம் நகரும் என்று இரவு முழுக்கக் கைப்பேசியை நோண்டும் நமக்கு, இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஜெய்சல்மேரிலும் பார்மரிலும் பிகானேரிலும் அந்தத் தாளை வரி விடாமல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். சூரிய மின் நிலையத்தில் நாளைய உற்பத்தியைக் கணக்கிடும் பொறியாளர், சர்வதேச எல்லையில் ரோந்துக்கு ஆள் அனுப்பும் அதிகாரி, சீரகம் விளைவிக்கும் விவசாயி, நகராட்சியின் குடிநீர்ப் பிரிவு. இவர்களில் எவருக்கும் 47 என்பது பெரிய செய்தி இல்லை. அவர்கள் கண் ஓடுவது அதற்கு அடுத்த வரிகளுக்கு: இரவு எவ்வளவு இறங்கும், காற்று எந்தத் திசை, என்ன வேகம், ஈரப்பதம் எத்தனை சதவீதம், மேகம் உண்டா. வெளியூர்க்காரர்களான நாமும் நம் தொலைக்காட்சிகளும்தான் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறோம்.

2024 மே மாதக் கடைசி வாரத்தையே எடுத்துக்கொள்வோம். மே 23 அன்று பார்மரில் 48.8 டிகிரி செல்சியஸ். அன்று நாட்டிலேயே அதிகமான வெப்பம் அதுதான். 25ஆம் தேதி பலோடியில் 50. 28ஆம் தேதி சூருவில் 50.5. எல்லைக்கு அப்பால், சிந்து மாகாணத்தில், மொகஞ்சதாரோவில் 52 டிகிரியையும் தாண்டியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்த வாரத்தில் மேற்கு ராஜஸ்தானுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. 30ஆம் தேதியிலிருந்து வெப்பம் படிப்படியாகக் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொன்னது. சொன்னபடியே நடந்தது.

முன்னறிவிப்பு என்ற அளவில் அந்த வாரம் ஒரு வெற்றிதான். பாலைவனத்தின் உச்ச வெப்பம், கணிக்க ஓரளவு எளிதான சங்கதி. மேல் வளிமண்டலத்தில் உயர் அழுத்தம் உட்கார்ந்துகொள்ளும்போது காற்று மேலிருந்து கீழே அமுங்குகிறது. அமுங்கும் காற்று சூடேறும், மேகத்தையும் சேர விடாது. கூடவே பலுசிஸ்தான், சிந்து பக்கமிருந்து வறண்ட மேல்காற்று. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஆற்றலில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகும். தாரின் மணலில் அந்தச் செலவே இல்லை. வருகிற ஆற்றல் அத்தனையும் தரையையும் அதன் மேலுள்ள காற்றையும் சூடாக்குகிறது. இந்த அமைப்பு ஒரே நாளில் கலைவதில்லை என்பதால், கணினி மாதிரிகள் நான்கைந்து நாள் முன்னதாகவே அதைப் பிடித்துவிடுகின்றன.

பெட்டிக்குள் ஒரு வெயில்

பலோடி இந்தியாவின் சாதனை ஊர். 2016 மே 19 அன்று அங்கே பதிவான 51 டிகிரிதான் நாட்டின் உச்சம். அதற்கு முன் அந்தப் பெருமை அதே மாநிலத்தின் அல்வரிடம் அறுபது ஆண்டுகள் இருந்தது: 1956 மே 10, 50.6 டிகிரி. ஜோத்பூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த பலோடி 2023இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது.

பலோடிக்கு இன்னொரு புகழும் உண்டு. தேர்தல் வந்தால் அந்த ஊரின் சூதாட்டச் சந்தை எந்தக் கட்சிக்கு என்ன விலை வைக்கிறது என்று தில்லிப் பத்திரிகைகள் எழுதும். தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் முன்பே, பலோடி அடங்கிய மார்வார் வட்டார மக்கள் பந்தயம் கட்டியது மழை மீதுதான். இன்று மழை பெய்யுமா, பெய்தால் கூரைத் தூம்பில் நீர் வழியுமா என்பதற்கெல்லாம் காசு. கல்கத்தாவுக்கு வணிகம் செய்யப் போன மார்வாரிகள் இந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோக, 1897இல் வங்காளத்தில் மழைச் சூதைத் தடுப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வானிலை முன்னறிவிப்பைப் பணம் போட்டுச் சரிபார்த்த சமூகம் என்று இவர்களைச் சொல்லலாம்.

சரி, 51 டிகிரி என்றால் எங்கே 51? வெயிலில் இல்லை. ஸ்டீவன்சன் பெட்டி என்ற வெள்ளையடித்த மரப் பெட்டி ஒன்று உண்டு. நான்கு பக்கமும் சாய்வுச் சட்டங்கள் கொண்டது. காற்று உள்ளே போகும், வெயில் போகாது. ஆள் நெஞ்சு உயரத்தில் நிற்கும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதுதான் செய்தியில் வருவது. அதாவது, நிழலில் வீசும் காற்றின் வெப்பம். அதே நேரத்தில் வெளியே மணலின் மேற்பரப்பு அதைவிட இருபது டிகிரி கூடுதலாகக்கூட இருக்கும். செருப்பில்லாமல் நடக்கும் ஆட்டுக்காரச் சிறுவனின் பாதத்துக்குத் தெரிவது பெட்டிக்குள் இருக்கும் எண் இல்லை.

எண் மீதான மோகம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அதே 2024 மே ஓர் உதாரணம் தந்தது. 29ஆம் தேதி தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. சில மணி நேரத்தில் அது உலகச் செய்தி. பிறகு ஆய்வுத் துறை ஆளனுப்பிச் சோதித்ததில், அந்தச் சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரிந்தது. திருத்தம் முதல் செய்தி போன தூரம் போகவில்லை. இதெல்லாம் புதிதும் இல்லை. லிபியாவின் எல் அஜீஜியாவில் 1922இல் பதிவானதாகச் சொல்லப்பட்ட 58 டிகிரியை உலகச் சாதனை என்று பாடப் புத்தகங்களில் தொண்ணூறு ஆண்டுகள் படித்தோம். உலக வானிலை அமைப்பு 2012இல் அதைச் செல்லாது என்று நீக்கியது.

ஆண்டுதோறும் மே மாதம் எல்லைக் காவல் படை வீரர் ஒருவர் ஜெய்சல்மேர் மணலில் அப்பளம் சுட்டுக் காட்டும் காணொளி ஒன்று வரும். பார்க்கச் சுவைதான். வெப்ப அலையைப் பற்றி அதிலிருந்து நமக்குத் தெரிய வருவது எதுவுமில்லை. அதே படை ஒவ்வொரு கோடையிலும் ‘ஆபரேஷன் கரம் ஹவா’ என்ற பெயரில் எல்லைக் கண்காணிப்பைக் கூட்டுகிறதே, அந்த நாட்களில் ரோந்து நேரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று ஒரு செய்தியாளர் கேட்டு எழுதினால் நமக்கு உதவும்.

இரவின் கணக்கு

முன்னறிவிப்பில் நாம் தாண்டிப்போகும் வரிகளில் முதன்மையானது குறைந்தபட்ச வெப்பநிலை. பாலைவனத்தில் பகல் கொளுத்தும், இரவு குளிரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வறண்ட காற்றில் நீராவி குறைவு. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. மணலும் வெப்பத்தை ஆழத்தில் சேமித்து வைக்காது. பொழுது சாய்ந்ததும் விறுவிறுவென்று ஆறிவிடும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். தார்வாசிகள் அத்தனை தலைமுறையாக இங்கே பிழைத்துக் கிடப்பதற்கு இந்த இரவுதான் காரணம். மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால், விடியலுக்குள் உடம்பு பகலின் சூட்டை இறக்கிவிடும்.

அந்த இறக்கம் நடக்காத இரவுகள்தான் உயிர் குடிப்பவை. அவை எப்போது வரும்? வானத்தில் புழுதிப் படலம் தங்கினால், மேகம் போர்த்தினால், அரபிக்கடல் பக்கமிருந்து ஈரக் காற்று எட்டிப்பார்த்தால். இதில் ஒரு ஏமாற்று உண்டு. மேற்கத்திய இடையூறு என்று வானிலையாளர்கள் சொல்லும், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சி ஒன்று நெருங்கும்போது மேகம் சேரும். பகல் வெப்பம் இரண்டு டிகிரி குறையும். செய்தியில் ‘வெப்பம் சற்றுத் தணிந்தது’ என்று வரும். அதே மேகம் இரவில் சூட்டை மூடி வைத்துக்கொள்ளும். மொத்தக் கணக்கில் அந்த நாள் முந்தைய நாளைவிட மோசமானதாக இருக்கக்கூடும். முதல் எண்ணை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

வானிலைத் துறைக்கு இது தெரியாமல் இல்லை. அதிகபட்சம் 40 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கும் நாளில், இரவின் குறைந்தபட்சம் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் அதை ‘வெப்ப இரவு’ என்றும், 6.4 டிகிரிக்கு மேல் கூடினால் ‘மிக வெப்பமான இரவு’ என்றும் தனியாக எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை அறிக்கையின் உள்ளே எங்கோ இருக்கிறது, தலைப்பில் வருவதில்லை. வெப்ப அலைக்கான வரையறை முழுவதுமே பகலைக் கொண்டுதான். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை. அல்லது நேரடியாக 45ஐத் தொட்டால் வெப்ப அலை, 47ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்தால்தான் அறிவிப்பு.

ஜெய்சல்மேரின் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் பகலையும் இரவையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். தடித்த மஞ்சள் மணற்கல் சுவர்கள், வெயிலைத் துண்டு துண்டாக உடைக்கும் கல் சன்னல்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழும்படி நெருங்கிய சந்துகள், திறந்த முற்றம். இன்றைக்கு அதே ஊரின் விளிம்பில் எழும் தகரக் கூரை வீடுகளிலும் மெல்லிய கான்கிரீட் தளங்களிலும் அந்தக் கணக்கு ஏதுமில்லை. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது மாதிரியான எளிய வழிகளை ஜோத்பூர் மாநகராட்சி 2023இல் வெளியிட்ட வெப்பச் செயல்திட்டம் வலியுறுத்துகிறது. நல்லதுதான். பத்தாண்டு முந்திக்கொண்ட ஊர் அகமதாபாத். அங்கே 2013லேயே தொடங்கிவிட்டார்கள்.

48ம் 37ம்

அடுத்த வரி ஈரப்பதம். சென்னையில் இருந்துகொண்டு ஜெய்சல்மேர் வெயிலை நினைத்து அச்சப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி வைத்தால், நீர் ஆவியாவதால் அது சற்றுக் குறைவான வெப்பத்தைக் காட்டும். வியர்வை நம் உடம்பை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதற்கு அந்த எண் ஒரு நல்ல அளவுகோல். ஜெய்சல்மேரில் 48 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் அந்த ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 23. சென்னையில் 37 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஏறத்தாழ 30. வியர்வையைப் பொறுத்தவரை சென்னைதான் கொடுமை.

அதற்காகத் தார் பரவாயில்லை என்று கிளம்பிவிடக் கூடாது. அங்கே வியர்ப்பதே தெரியாது. தோலுக்கு வந்த கணத்தில் காய்ந்துவிடும். கடும் வேலை செய்பவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் போய்க்கொண்டிருக்க, சட்டை மட்டும் உலர்ந்தே இருக்கும். தோலின் வெப்பம் 35 டிகிரி அளவில் இருப்பதால், 45 டிகிரியில் வீசும் காற்று உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும். ‘லூ’ என்று வட இந்தியா முழுக்கப் பயப்படும் அந்தப் பகல் காற்றின் கொடுமை இதுதான். மின்விசிறியால் பயனில்லை. அங்குள்ளவர்களின் காப்பு வேறு: முகத்தை மூடிய துணி, தலையில் பெரிய தலைப்பாகை, பையில் ஒரு வெங்காயம், குடிக்க மோரில் கரைத்த கம்பு மாவுக் கூழ். ‘ராப்’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் கூழை நம் ஊர்க் கம்பங்கூழ் குடித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வெங்காயத்தின் பலனுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

வீட்டுக்கு வீடு இருக்கும் கூலர் இயங்குவதும் இதே விதியில்தான். ஈரப் புல்தட்டி வழியே காற்றை இழுத்து அனுப்பும் அந்தத் தகரப் பெட்டி, மே மாத வறட்சியில் அறையை அருமையாகக் குளிர்விக்கும். ஜூன் கடைசியில் ஈரக்காற்று வந்து சேர்ந்ததும் அதே பெட்டி அறையைப் புழுக்கமாக்குவதோடு சரி. வெப்பமானி 41க்கு இறங்கியிருக்கும். மக்கள் படும் பாடு கூடியிருக்கும். முன்னறிவிப்பில் ஈரப்பதம் 15இலிருந்து 40க்கு ஏறுகிறதா என்று பார்ப்பவர்களுக்கு இது இரண்டு நாள் முன்பே தெரியும்.

புழுதி எழும் நேரம்

உச்ச வெப்பத்தை ஐந்து நாள் முன்பு சொல்ல முடிகிற அறிவியல், புழுதிப் புயல் விஷயத்தில் சில மணி நேரத்துக்கு முன்புகூடத் தடுமாறுகிறது. ‘ஆந்தி’ என்று சொல்லப்படும் இந்தப் புயலின் பிறப்பு விசித்திரமானது. மாலையில் எங்கோ ஓர் இடிமேகம் எழும். அதிலிருந்து மழையும் இறங்கும். ஆனால் கீழே இருப்பது எலும்பு வரை உலர்ந்த காற்று. துளிகள் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தடாலென்று கீழே விழுந்து தரையில் பட்டு நாலாபுறமும் பாயும். அந்தப் பாய்ச்சலின் முன்விளிம்பு மணலை வாரி எடுத்து, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரச் செங்கல் நிறச் சுவராக ஊரை நோக்கி வரும். பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழே போனால் அதைப் புழுதிப் புயல் என்று கணக்கில் எழுதுவார்கள். நடுவில் சிக்கியவருக்குத் தன் கையே தெரியாது.

வாராந்திர முன்னறிவிப்பு இதைப் பற்றி ‘புழுதி கிளப்பும் காற்று, மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர்’ என்று ஒரே வரியில் சொல்லும். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் உடனடி அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும். 2018 மே 2 இரவு ராஜஸ்தானின் கிழக்குப் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புழுதிப் புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூக்கத்தில், இடிந்து விழுந்த சுவர்களுக்கு அடியில்.

காற்றின் திசைக்காகக் காத்திருந்த ஒரு பிற்பகலை இந்த நாடு மறக்காது. 1998 மே 11, பொக்ரான். காலையிலேயே நடத்தத் திட்டமிட்டிருந்த அணுகுண்டுச் சோதனை, காற்று மக்கள் வாழும் பக்கமாக வீசியதால் தள்ளிப்போனது. நிலத்தடியிலிருந்து கதிர்வீச்சு கசிந்தால் அது கிராமங்கள் மேல் போய்விடக் கூடாது. காற்று அடங்கும் வரை ராமேஸ்வரத்தின் அப்துல் கலாமும் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரமும் அவர்கள் குழுவும் பொறுத்திருந்தார்கள். பிற்பகல் 3.45க்கு நடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் உளவுச் செயற்கைக்கோள்களின் கண்ணை மறைக்கப் புழுதிக் காற்றும் ஒத்தாசை செய்ததாகச் சொல்வார்கள்.

இன்று அந்த வட்டாரத்தில் காற்றை வேறு ஆட்கள் கவனிக்கிறார்கள். பலோடிக்கு அருகிலுள்ள பட்லா சூரிய மின் பூங்கா 2,245 மெகாவாட் திறன் கொண்டது. உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்றுதானே நினைப்போம்? தகட்டுக்கு ஒளி வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரியில் அளவிடப்பட்ட அதன் திறன், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைந்துகொண்டே போகும். காற்று 46 டிகிரியில் இருக்கும் நாளில் தகடு 65ஐத் தொட்டால், ஆறில் ஒரு பங்கு மின்சாரம் போயே போய்விட்டது. மே மாத 50 டிகிரியைவிடப் பிப்ரவரி, மார்ச்சின் தெளிந்த குளிர்ந்த பகல்தான் தகட்டுக்கு ஏற்றது.

மறுநாள் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்பதை இந்த நிலையங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 96 துண்டுகளாகப் பிரித்து முன்கூட்டியே மின்கட்டமைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்னதற்கும் கொடுத்ததற்கும் வரம்பு மீறி இடைவெளி விழுந்தால் அபராதம். ஒரு ஆந்தி, மாலை நான்கு மணிக்கு வந்தால் ஒரு கணக்கு. ஆறு மணிக்கு வந்தால் வேறு கணக்கு. புழுதி படிந்த தகடுகளை நீரில்லாமல் துடைக்க அங்கே இயந்திரங்கள் ஓடுகின்றன. புழுதிக்குப் பின்னால் நாலு துளி மழை மட்டும் விழுந்தால் தொல்லை. தகட்டின் மேல் சேறு பூசி வைத்தது போலாகிவிடும்.

காற்றைப் பார்ப்பவர்களில் வெட்டுக்கிளிக் கண்காணிப்பாளர்களும் உண்டு. பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் காற்றோடு போகும், நாளுக்கு 150 கிலோமீட்டர் வரைகூட. எல்லைக்கு அப்பால் கூட்டம் திரண்டிருக்கும் நாளில் அடுத்த வாரத்து மேல்காற்று பயிருக்கான தீர்ப்பு. 2020 மே மாதம் வெட்டுக்கிளிகள் ஜெய்ப்பூர் நகரத்து மாடிகள் வரை வந்துவிட்டன.

மேகம் என்றால் பயம்

பாலைவனத்தில் மழை என்றால் எல்லோரும் ஆடிப் பாடுவார்கள் என்பது சினிமா. எந்த மாதம் என்று கேட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும். நம் ரசத்துக்குப் போகும் சீரகத்தில் பெரும்பகுதி குஜராத்திலும் மேற்கு ராஜஸ்தானிலும் விளைகிறது. பிப்ரவரியில் மூன்று நாள் மேகமூட்டம் என்று முன்னறிவிப்பு வந்தால் ஜாலோர், பார்மர் விவசாயிகளின் முகம் வாடிவிடும். ஈரமும் மேகமும் சேர்ந்தால் சீரகச் செடியில் கருகல் நோய் பரவும். அங்கே விளையும் இன்னொரு பயிரான இசப்கோலின் கதை இன்னும் மோசம். அறுவடைக்கு நிற்கும் கதிரில் ஒரு மழை விழுந்தால் விதை முழுவதும் உதிர்ந்து தரையோடு போய்விடும்.

மழையே பேரிடரான ஆண்டும் உண்டு. 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தில் சில நாட்களில், ஆண்டு முழுக்கப் பெய்வதையும் மிஞ்சிய மழை கொட்டியது. கவாஸ் என்ற ஊர் மூழ்கியது. மணல் பூமிதானே, உறிஞ்சிவிடும் என்று எதிர்பார்த்தால், அடியில் ஜிப்சம் படிவம் தண்ணீரை இறங்க விடவில்லை. வெள்ளம் மாதக்கணக்கில் நின்றது. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தின் ஜகாவ் துறைமுகத்தருகே கரையேறி, வலுக்குறைந்த பின்னும் பார்மர், ஜாலோர், சிரோஹி மாவட்டங்களை நனைத்து எடுத்தது. அந்தப் புயலின் பாதை நாட்கணக்கில் முன்னதாகத் தெரிந்திருந்தது.

பாலைவனத்தின் சராசரியே மாறிவருகிறது என்பதுதான் இதில் பெரிய சங்கதி. பி.வி. ராஜேஷும் பி.என். கோஸ்வாமியும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, வடமேற்கு இந்தியாவின் மழை 1901 முதல் 2015 வரையில் 10 முதல் 50 சதவீதம் வரை கூடியிருப்பதாகச் சொல்கிறது; புவி வெப்பமாதலில் தார் பசுமையாகவும் கூடும் என்கிறது. ஜெய்சல்மேரின் மண் கூரைகளுக்கும் கோட்டைச் சுவர்களுக்கும் அது நல்ல செய்தி இல்லை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் ஊருக்கென்று கட்டப்பட்டவை அவை.

மழைக்கான மக்கள் கணிப்புகளைச் சொல்லாமல் தாரை விட்டு வர முடியாது. மே 25 வாக்கில் சூரியன் ரோகிணியில் நுழைந்ததும் தொடங்கும் ஒன்பது நாள் ‘நௌதபா’. நம் அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில் அவர்களுடையது ஆரம்பம். நௌதபா நன்றாகக் கொளுத்தினால் மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. ஆள்காட்டிக் குருவி மேட்டில் முட்டையிட்டால் நல்ல மழை, பள்ளத்தில் இட்டால் வறட்சி. முதல் நம்பிக்கையில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது: இந்தப் பகுதியின் மேல் உருவாகும் வெப்பத் தாழ்வு நிலை, பருவக்காற்றை உள்ளே இழுக்கும் காரணங்களில் ஒன்று. ஒன்று மட்டுமே. 2024இல் நௌதபாவின் முதல் நாளே பலோடி 50ஐத் தொட்டது; பின்னர் மேற்கு ராஜஸ்தானில் மழையும் இயல்பைவிட அதிகம். இனி பல ஆண்டுகளுக்கு அந்த நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியாது.

யாருக்குச் சொல்கிறோம்?

இந்தியாவின் வானிலைத் துறை இப்போது 6 கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணிக்கிறது. 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் திறன் அது. செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்கெனத் தனி அறிக்கை. வியாழன்தோறும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான பார்வை. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதற்குப் பிறகு இருக்கிறது.

ராஜஸ்தானில் கோடையில் நூறு நாள் வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிக்க உத்தரவு போட்டிருக்கிறார்கள். முன்னறிவிப்பு செயலாக மாறும் நல்ல உதாரணம் அது. தனியார் கட்டுமானத்துக்கும், செங்கல் சூளைக்கும், உப்பளத்துக்கும், மோட்டார் சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞனுக்கும் அந்த உத்தரவு பொருந்தாது. 2024 மே 30 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் வெப்ப மரணங்களைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, வெப்ப அலையைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்றது. புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் இருந்த தேசியப் பட்டியலில் அப்போது வெப்ப அலை இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. பாலைவனமே இல்லாத மாநிலம் செய்த காரியம் இது.

நம் செய்தி அலைவரிசைகளுக்கும் நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘பலோடியில் 50’ என்று தலைப்பு போடுங்கள், தவறில்லை. அதன் கீழே அன்றைய இரவின் குறைந்தபட்சத்தையும் ஈரப்பதத்தையும் இரண்டே எண்ணாகச் சேர்த்து அச்சிடுங்கள். பலோடிக்கு மட்டுமில்லை, வேலூருக்கும் திருத்தணிக்கும் மதுரைக்கும் சேர்த்துத்தான். அந்த எண்கள் ஒவ்வொரு நாளும் வானிலைத் துறையின் அறிக்கையில் இலவசமாகக் கிடைக்கின்றன.